தடித்த சாய்வெழுத்து: பியூச்சுராவின் வடிவமும் பயன்பாடும்

அச்செழுத்தின் வடிவத்தைப் பற்றிச் சிந்திப்போர் பெரும்பாலும் அச்சகத்தாரும் பதிப்பாளருமேயாவர். வாசகன் சொல்லைப் படிக்கின்றான். அச்சொல் எவ்வுருவில் தன் கண்முன் வந்து நின்றது என்பதை அவன் பொதுவாகக் கவனிப்பதில்லை. வாசகனின் கண்ணைத் தன்பால் இழுக்காத அச்சே நல்ல அச்சு என்னும் கருத்தும் அச்சுக்கலையாளரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. ஆனால் எல்லா எழுத்துக்களும் இவ்வாறு தம்மை மறைத்துக்கொள்வதில்லை. சிவப்புப் பட்டையொன்றின்மீது வெள்ளை நிறத்தில், தடித்து, வலப்புறம் சாய்ந்து நிற்கும் ஒரு சொல்லை நாம் படிப்பதற்கு முன்னரே அது எம்மை நோக்கிக் குரல் எழுப்பிவிடுகின்றது. அக்குரல் யாருடையது? அதற்கு உரிமை கொண்டாடத்தக்கவர் யாவர்? இவ்வினாக்களை ‘பியூச்சுரா’ என்னும் எழுத்துக் குடும்பத்தின் தடித்த சாய்வு வடிவத்தை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வெழுத்தினை நாம் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. 1927 இல் யேர்மனியில் வெளிவந்த இவ்வெழுத்துக் குடும்பம், விளம்பரத்துக்கும், விளம்பரத்தைச் சாடிய கலைக்கும், பின்னர் அக்கலையை ஒத்த தோற்றத்தைத் தன் சின்னமாக்கிக்கொண்ட வணிகத்துக்கும் அடுத்தடுத்துப் பயன்பட்டது. வடிவம் ஒன்று, அது ஏற்ற பொருள்களோ பல. வடிவத்துக்கும் சமூக உறவுகளுக்கும் இடையேயுள்ள தொடர்பை விளங்கிக்கொள்ள இதனினும் பொருத்தமான சான்று கிடைத்தல் அரிது.

மூன்று இயல்புகள்

எமது ஆய்வுக்குரிய எழுத்தில் மூன்று இயல்புகள் ஒன்றுசேர்ந்துள்ளன. அது முனைக்கோடு அற்றது, தடித்தது, சாய்ந்தது. இன்று இம்மூன்றும் இயல்பாகவே சேர்ந்து பிறந்தவைபோலத் தோன்றினும், இவை வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகள் காரணமாகத் தோன்றியவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

சாய்வே இவற்றுள் மூத்தது. வெனிசு நகரின் பதிப்பாளரான அல்டஸ் மனூசியஸ் 1501 இல் வேர்ஜிலின் கவிதைகளைச் சிறிய அளவு நூலாக வெளியிட்டபோது, பிரான்செஸ்கோ கிரிபோ என்னும் எழுத்துவெட்டுநர் ஆக்கிய சாய்வெழுத்தைப் பயன்படுத்தினார். மனிதநேயப் புலமையாளரின் விரைந்த கையெழுத்தே அதற்கு முன்மாதிரி. நூல் முழுவதுமே அவ்வெழுத்தில் அமைந்தது. ஒரு சொல்லை அழுத்திக் காட்டுதற்கு நிமிர்ந்த எழுத்தின் நடுவே சாய்வெழுத்தை இடும் வழக்கம் பின்னரே வேரூன்றியது. ஆகவே சாய்வு என்பது முதலில் உரத்த குரலன்று, கற்றோரின் கைப்பழக்கமாகும்.

முனைக்கோடு அற்ற எழுத்து இதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்டது. எழுத்தின் கோடுகள் முடிவுறும் இடத்தில் அமையும் சிறு குறுக்குக் கோட்டையே நாம் முனைக்கோடு என்கிறோம். ஆங்கிலத்தில் அது ‘செரிப்’ எனப்படும். அக்கோடு நீக்கப்பட்ட முதலாவது இலத்தீன் அச்செழுத்து, இலண்டனில் நான்காம் வில்லியம் கஸ்லன் 1816 இல் வெளியிட்ட மாதிரி நூலிற் காணப்படுகின்றது. அதிலே பெரிய எழுத்துக்கள் மட்டுமே இருந்தன.

தடிப்பும் அதே காலத்தின் விளைபொருளே. கைத்தொழிற் புரட்சியால் பெருகிய பண்டங்களை விற்பதற்குச் சுவரொட்டிகளும் துண்டுப்பிரசுரங்களும் தேவைப்பட்டன. நூலை மடியில் வைத்துப் படிப்பவனுக்காக ஆக்கப்பட்ட எழுத்து, தெருவில் நடந்து செல்வோனைத் தடுத்து நிறுத்தப் போதாதாயிற்று. எனவே எழுத்து பருத்தது. 1845 இல் றொபேட் பெஸ்லியின் இலண்டன் எழுத்து வார்ப்பகம் ‘கிளாரென்டன்’ என்னும் எழுத்தை வெளியிட்டது. சாதாரண எழுத்தோடு ஒரே வரியிற் சேர்த்து அச்சிடத்தக்க தடித்த எழுத்து என்ற வகையில் அது முக்கியமானது. அகராதியில் தலைச்சொல்லையும் பட்டியலில் பொருளின் பெயரையும் வேறுபடுத்திக் காட்டத் தடித்த எழுத்து பயன்படலாயிற்று. சுருங்கக் கூறின், சாய்வைத் தந்தது கல்வி. தடிப்பைத் தந்தது சந்தை.

றெனரும் அவர் எழுத்தும்

பியூச்சுராவை ஆக்கியவர் போல் றெனர் (1878–1956). அவர் பௌஹவுஸ் கலைக்கல்லூரியைச் சேர்ந்தவர் எனப் பலர் தவறாக எழுதுவதுண்டு. அவர் அங்கு பணியாற்றியவரல்லர். கலைஞரையும் கைத்தொழிலாளரையும் உற்பத்தியாளரையும் ஒன்றிணைக்க முயன்ற ‘யேர்மன் வேர்க்புண்ட்’ என்னும் அமைப்பின் உறுப்பினர். நூலாக்கத்தில் நீண்ட அனுபவம் வாய்ந்தவர். 1924 இல் தொடங்கிய அவரது முயற்சி 1927 இல் பிராங்பேட் நகரின் பௌவர் எழுத்து வார்ப்பகத்தின் வெளியீடாக நிறைவுற்றது. வட்டம், சதுரம், முக்கோணம் ஆகிய அடிப்படை வடிவங்களிலிருந்து எழுத்தைக் கட்டமைப்பது அவரது எண்ணம். முதல் வரைவுகளிலே சில சிறிய எழுத்துக்கள் மிகவும் புதுமையாக இருந்தன. வாசகருக்குப் பழக்கமான வடிவங்களை நோக்கி அவை பின்னர் திருத்தப்பட்டன.

இலத்தீன் எழுத்தின் பெரிய எழுத்துக்கள் உரோமானியரின் கல்வெட்டுக்களிலிருந்து வந்தவை. சிறிய எழுத்துக்களோ இடைக்காலக் கையெழுத்திலிருந்து வந்தவை. உளியும் பேனாவும் ஒரே வரியிற் கூடிவாழும் இம்முரண்பாட்டைத் தீர்க்க றெனர் விழைந்தார். சிறிய எழுத்துக்களிலிருந்து பேனாவின் தடயத்தை இயன்றவரை அகற்றுவதே அவர் கண்ட வழி. பெரிய எழுத்துக்களுக்கோ உரோமானியக் கல்வெட்டின் அளவு விகிதங்களையே அவர் பேணினார். புதுமையின் சின்னமாகக் கொள்ளப்படும் இவ்வெழுத்தினுள்ளே ஈராயிரம் ஆண்டுப் பழமை உறைகின்றது.

பார்வைக்கு இவ்வெழுத்து கவராயமும் அளவுகோலும் கொண்டு வரையப்பட்டதுபோலத் தோன்றும். உண்மை அதுவன்று. எல்லாக் கோடுகளும் சம தடிப்புடையனவாய் வரையப்பட்டால், கிடைக்கோடு செங்குத்துக் கோட்டிலும் தடித்ததாகவே எமது கண்ணுக்குப் படும். வளைவு நேர்க்கோட்டோடு கூடும் இடம் கறுத்துத் திரண்டு தோன்றும். எனவே அத்தகைய இடங்களில் கோடு நுண்ணிதாக மெலிவிக்கப்பட்டுள்ளது. கணிதத்தின் ஒழுங்கு கண்ணுக்கு ஒழுங்கீனமாகத் தோன்றுமிடத்து, கண்ணின் பக்கமே றெனர் நின்றார்.

எழுத்தைத் தடிக்கச் செய்யும்போது இச்சிக்கல் பெருகுகின்றது. கோடு தடிக்கத் தடிக்க எழுத்தினுள்ளேயுள்ள வெள்ளை வெளி சுருங்கும். அவ்வெளி அடைபட்டுவிட்டால் எழுத்தை அடையாளம் காணல் இயலாது. ஆகவே தடித்த வடிவத்தில் எழுத்து அகலிக்க வேண்டும். கோடுகள் கூடும் இடங்களில் மேலும் மெலிய வேண்டும்.

சாய்வின் சிக்கல் இதனினும் நுட்பமானது. உண்மையான இத்தாலியச் சாய்வெழுத்து நிமிர்ந்த எழுத்தைச் சரித்துவிட்டதன் விளைவன்று. அது வேறான உருவம் உடையது. பேனாவின் ஓட்டமே அவ்வேறுபாட்டுக்குக் காரணம். ஆனால் பேனாவின் தடயத்தையே அகற்றிவிட்ட ஓர் எழுத்துக்குப் பேனாவின் சாய்வு எங்கிருந்து வரும்? எனவே பியூச்சுராவின் சாய்வு வடிவம் நிமிர்ந்த வடிவத்தின் சரிவாகவே அமைந்தது. அச்சுக்கலையில் இத்தகைய சரிவெழுத்து ‘ஒப்ளீக்’ எனப்படும். ஒரு வளையத்தை வலப்புறம் சரித்தால் அதன் மேல் வலப்பக்கமும் கீழ் இடப்பக்கமும் பருக்கும். மற்றைய இரு பக்கங்களும் மெலியும். தடித்த எழுத்தில் இக்கோணல் பளிச்செனத் தெரியும். அதனைக் கையால் திருத்துவது வடிவமைப்பாளன் கடன். கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி எழுத்தைச் சரிப்பவர் இன்று பலர். வட்டம் கோணிப்போய் நிற்பதைக் கண்டதும் அச்சுக்கலை அறிந்தவர் அதனை இனங்கண்டுகொள்வர்.

இவ்வியல்புகளிலிருந்தே இவ்வெழுத்தின் பயன்பாடும் வரையறுக்கப்படுகின்றது. நீண்ட பந்திகளை இதில் அச்சிட்டாற் கண் விரைவிற் களைத்துவிடும். இரண்டு அல்லது மூன்று சொற்கள், மிஞ்சினால் ஒரு வாக்கியம் என்பதே இதன் எல்லை. கருமையான பின்னணியில் வெள்ளை எழுத்தாக அச்சிடும்போது மை பரவி மெல்லிய கோடுகளை விழுங்கிவிடும். தடித்த கோடோ அதனைத் தாங்கி நிற்கும். இடமிருந்து வலமாகப் படிக்கப்படும் எழுத்து முறையில், வலப்புறச் சாய்வு படிக்கும் திசையிலேயே சாய்வதால், விரைவையும் முன்னேற்றத்தையும் உணர்த்துகின்றது. தடிப்பு உரத்த குரல், சாய்வு அவசரம். விற்பவனுக்கு இவ்விரண்டும் வேண்டும். கிளர்ச்சிக்காரனுக்கும் இவ்விரண்டும் வேண்டும்.

எழுத்தும் அரசியலும்

றெனரின் காலத்து யேர்மனியில் எழுத்து வடிவம் அரசியற் பிரச்சினையாகவே இருந்தது. ‘பிராக்டுர்’ எனப்படும் முறிந்த வளைவுகளைக் கொண்ட பழைய எழுத்தே யேர்மன் தேசிய எழுத்து எனப் பிற்போக்காளர் வாதிட்டனர். ஏனைய ஐரோப்பிய நாடுகளிற் பெருவழக்காயிருந்த உரோமன் எழுத்தும், அதன் நவீன வடிவங்களும், அவர்கள் கண்ணில் அந்நியமானவை. 1932 இல் றெனர் ‘கலாசார போல்ஷெவிசமா?’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூலை வெளியிட்டு, நவீன கலையின்மீது நாசிகள் தொடுத்த தாக்குதலைக் கண்டித்தார். நூல் சுவிற்சலாந்திலேயே வெளிவந்தது. 1933 இல் நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் அவர் கைதுசெய்யப்பட்டார். விரைவில் விடுவிக்கப்பட்டாராயினும், மியூனிக் அச்சுக்கலைக் கல்லூரியில் வகித்த பதவியை இழந்தார். அவருடைய சக ஆசிரியரான யான் சிக்கோல்டும் அதே ஆண்டிற் கைதாகிப் பின்னர் சுவிற்சலாந்துக்குப் புலம்பெயர்ந்தார்.

ஆயினும், ஆக்கியவர் பதவி இழந்தபோதிலும் ஆக்கப்பட்ட எழுத்து வழக்கொழியவில்லை. பியூச்சுரா யேர்மனியிலே தொடர்ந்து பயன்பட்டது. அது மட்டுமன்று. 1941 சனவரியில் நாசி அரசு தான் போற்றிய பழைய எழுத்தையே ‘யூத எழுத்து’ எனப் பழித்துத் தடைசெய்தது. பிற நாடுகளை ஆக்கிரமித்திருந்த அரசுக்கு அந்நாட்டார் படிக்கத்தக்க எழுத்து தேவைப்பட்டது. நேற்று வரை தேசத்தின் ஆன்மா எனப் புகழப்பட்ட வடிவம் ஒரே சுற்றறிக்கையால் பகைவனின் வடிவமாயிற்று. எழுத்தின் கோடுகளில் எவ்வித மாற்றமும் நிகழவில்லை; மாறியவை ஆட்சியின் தேவைகளே.

அத்திலாந்திக்கைக் கடந்து

ஐக்கிய அமெரிக்காவிற் பியூச்சுராவின் வரலாறு வேறு வழியிற் சென்றது. அங்கு அதனை வரவேற்றவை அழகியற் சஞ்சிகைகளும் விளம்பர நிறுவனங்களுமேயாம். கொண்டே நாஸ்ட் நிறுவனத்தின் கலைப் பணிப்பாளராகச் சென்ற மெஹ்மெட் பெமி ஆகா 1929 இல் ‘வனிற்றி பெயர்’ சஞ்சிகையிலே அதனைப் புகுத்தினார். போட்டி நிறுவனங்கள் அதனை ஒத்த எழுத்துக்களை வேறு பெயர்களில் வெளியிட்டன. 1959 இல் டொயில் டேன் பேர்ன்பாக் நிறுவனம் தொடங்கிய வொக்ஸ்வாகன் விளம்பரத் தொடர் பியூச்சுராவிலேயே அமைந்தது. 1969 இல் சந்திரனில் வைக்கப்பட்ட அப்பலோ 11 இன் நினைவுத் தகட்டிலும் அதன் பெரிய எழுத்துக்களே பொறிக்கப்பட்டன. யேர்மனியிற் சமூகச் சீர்திருத்தக் கனவோடு இணைந்திருந்த வடிவம், இங்கு நிறுவனங்களின் நிதானமான, நம்பிக்கையூட்டும் குரலாயிற்று.

இக்குரலின் இரகசியத்தை உள்ளிருந்து கற்றவர் பார்பரா குறூகர். 1945 இல் நியூ ஜேர்சி மாநிலத்தின் நெவார்க் நகரிற் பிறந்த இவர், 1960களின் பிற்பகுதியில் அதே கொண்டே நாஸ்ட் நிறுவனத்தின் பெண்கள் சஞ்சிகையான ‘மத்மசேல்’ இல் வடிவமைப்பாளராகப் பணிபுரிந்தார். படத்தை வெட்டுதல், அதன்மேற் சொல்லைப் பதித்தல், புரட்டும் கையை ஒரு கணம் நிறுத்துதல் என்பனவே அங்கு அவரது அன்றாடத் தொழில். 1980களில் அவர் ஆக்கிய கலைப்படைப்புக்கள் இத்தொழில் முறையையே கொண்டு அத்தொழிலின் நோக்கத்தைத் தலைகீழாக்கின. பழைய வெளியீடுகளிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம்; அதன் குறுக்கே ஒரு பட்டை; பட்டையில் பியூச்சுராவின் தடித்த சாய்வெழுத்திற் சில சொற்கள். வெள்ளை எழுத்தும் சிவப்புப் பட்டையுமே பின்னர் அவரது அடையாளமாயின.

அவருடைய வாசகங்களில் முன்னிலைப் பெயர்கள் மிகுதியாக வருதலை அவதானிக்கலாம். விளம்பரமும் ‘நீ’ என்றே பேசுகின்றது. ஆனால் அந்த ‘நீ’ வாங்கவேண்டியவன். குறூகரின் ‘நீ’ கேள்விக்குட்படுத்தப்படுபவன். 1987 இன் படைப்பொன்றில், சிந்திப்பதே இருத்தலுக்குச் சான்று என்ற டேக்கார்ட்டின் முடிவைத் திரித்து, கடையில் வாங்குவதே இருத்தலுக்குச் சான்று எனக் கூறவைத்தார். 1989 இல் கருக்கலைப்பு உரிமை கோரி வாசிங்டனில் நிகழ்ந்த பெண்கள் பேரணிக்காக அவர் ஆக்கிய சுவரொட்டியில், ஒரு பெண்ணின் முகம் நடுவே பிளந்து, ஒரு பாதி இயல்பான படமாகவும் மறுபாதி எதிர்மறைப் படமாகவும் நின்றது. பெண்ணின் உடலே போர்க்களம் என்று வாசகம் கூறியது. 2022 யூன் 24 இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் அவ்வுரிமைக்கு அரைநூற்றாண்டாக இருந்த அரசியலமைப்புப் பாதுகாப்பை நீக்கியது. அச்சுவரொட்டியின் வாசகம் பழைமையடையவில்லை என்பதற்கு இதுவே சான்று.

சந்தை திரும்ப எடுத்துக்கொண்டது

1994 இல் ஜேம்ஸ் ஜெபியா என்பவர் நியூயோர்க் நகரின் மன்ஹற்றனில் சறுக்குப்பலகை இளைஞருக்கான உடைகளை விற்கும் ‘சுப்பிரீம்’ என்னும் கடையைத் திறந்தார். சிவப்புப் பெட்டியினுள் வெள்ளை நிறத்தில், பியூச்சுராவின் தடித்த சாய்வெழுத்தில் எழுதிய பெயரே அதன் சின்னம். குறூகரின் படைப்புக்களோடு அச்சின்னம் கொண்டுள்ள ஒற்றுமை வெளிப்படையானது. நுகர்வைச் சாடுதற்கு அமைந்த தோற்றமே நுகர்வின் முத்திரையாயிற்று. சாதாரணச் சட்டையொன்றின் மதிப்பை அச்சிறு பெட்டி பன்மடங்காக்கியது. 2020 இல் இந்நிறுவனம் 210 கோடி டொலருக்கும், 2024 இல் 150 கோடி டொலருக்கும் கைமாறியது.

2013 இல் இவ்வரலாறு ஒரு நகைப்புக்கிடமான கட்டத்தை எட்டியது. தன் சின்னத்தைக் கேலிசெய்து சட்டைகளை வெளியிட்ட லியா மக்ஸ்வீனி என்னும் பெண் வடிவமைப்பாளர்மீது சுப்பிரீம் நிறுவனம் ஒரு கோடி டொலர் கோரி வழக்குத் தொடுத்தது. வழக்கு ஈற்றில் இணக்கத்தில் முடிவுற்றது. இது பற்றிக் கருத்துக் கேட்கப்பட்டபோது, இத்தகைய கோமாளித்தனத்தைப் பற்றியே தாம் படைப்புக்களை ஆக்குவதாகவும், தம்மீதும் இவர்கள் வழக்குத் தொடுப்பதை எதிர்பார்த்திருப்பதாகவும் பொருள்படக் குறூகர் எழுத்தில் விடையிறுத்தார். அவர் எவர்மீதும் வழக்குத் தொடுக்கவில்லை. 2017 இல் நியூயோர்க்கில் நிகழ்ந்த ‘பெர்போமா’ கலைவிழாவில் அவரே சட்டைகளும் சறுக்குப்பலகைகளும் விற்கும் தற்காலிகக் கடையொன்றை அமைத்து, வரிசையில் நின்று வாங்கும் மோகத்தையே கலைக்குப் பொருளாக்கினார்.

இங்கு சட்டத்தின் நிலைப்பாட்டையும் நோக்குதல் தகும். ஐக்கிய அமெரிக்காவில் அச்செழுத்தின் வடிவம் பதிப்புரிமைக்கு உரியதன்று. 1978 இல் எல்ட்ரா நிறுவனத்தின் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. எழுத்துருவை இயக்கும் கணினி நிரலுக்குப் பாதுகாப்பு உண்டு. எழுத்தின் தோற்றத்துக்கு அப்பாதுகாப்பு இல்லை. ஆனால் அதே தோற்றத்தில் எழுதிய பெயரொன்று வணிகக் குறியாகும்போது சட்டம் காவல் நிற்கின்றது. றெனரின் உழைப்பிலோ குறூகரின் சிந்தனையிலோ அக்காவல் தங்கியிருக்கவில்லை. சந்தையில் ஒரு பண்டத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் பணியிலேயே அது தங்கியுள்ளது.

முடிவுரை

இதிலிருந்து நாம் பெறத்தக்க முடிபு யாது? வடிவம் நடுநிலையானது எனக் கூறுவாரும், வடிவத்துக்கே ஓர் அரசியல் உண்டு எனக் கூறுவாரும் பாதி உண்மையையே கூறுகின்றனர். தடிப்பும் சாய்வும் குரலை உயர்த்துகின்றன. இது வடிவத்தின் பணி. அக்குரல் எதனைக் கூறும், யாருக்காகக் கூறும் என்பதைத் தீர்மானிப்பது அதனைக் கையாளும் சமூக உறவு. குறூகர் இவ்வெழுத்தைத் தாமே கண்டுபிடிக்கவில்லை. தம்மைக் கூலிக்கு அமர்த்திய விளம்பர உலகிடமிருந்து எடுத்தார். அவ்வுலகம் பின்னர் அதனைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இதனைத் திருட்டு எனக் கூறி முடித்துவிடின் விடயத்தை விளங்கிக்கொண்டவர்களாகமாட்டோம். எதிர்ப்பின் தோற்றத்தையும் பண்டமாக்கும் ஆற்றல் முதலாளித்துவச் சந்தைக்கு உண்டு என்பதே இங்கு புலனாகும் உண்மை.

ஆகவே முற்போக்கான கலைக்குரிய எழுத்து எது என்னும் தேடல் பயன் தராது. அத்தகைய எழுத்தொன்று கிடைத்தாலும் அது அடுத்த பருவத்தின் சட்டையில் அச்சாகிவிடும். பண்டமாக்குதற்கு அரியது அவ்வெழுத்துத் தாங்கிநின்ற வாசகமும், அவ்வாசகம் எழுந்த போராட்டமுமேயாம். சுப்பிரீம் நிறுவனத்தின் சிவப்புப் பெட்டியில் குறூகரின் எழுத்து இருக்கின்றது. அவர் கேட்ட கேள்வி அங்கில்லை. 1989 இன் சுவரொட்டியில் இரண்டும் ஒருங்கே நிற்கின்றன. எழுத்து வடிவத்தை ஆராயப் புகுவோர், எழுத்தோடு நிறுத்திவிடாது, அதில் எழுதப்பட்டது யாது, எழுதியவர் யார், யாரை நோக்கி எழுதினார் என்பவற்றையும் சேர்த்து நோக்குதல் வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.